கோதண்டம் வராத வழியனுப்பு விழா

சென்ற வாரம் என் பழைய தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நான் விருப்ப ஓய்வு பெற்று வந்த பிறகு அங்கே சேர்ந்தவர். எனக்குக் குரல் மட்டும்தான் தெரியும்.

“மேடம், ரிட்டையர் ஆகப்போறவங்களுக்கு ஒருநாள் பயிற்சி வெக்கிறோம். அதுல ‘வாழ்க்கையின் நோக்கம்’னு ஒரு தலைப்பு. நீங்க வந்து பேசணும்.”

“எப்போ?”

“லஞ்ச் முடிஞ்சதும் மேடம். பிரியாணி சொல்லியிருக்கோம்.”

“அப்படின்னா நோக்கத்தை சாப்பாட்டுக்கு முன்னாடி வெச்சிடுங்கம்மா. பிரியாணி சாப்பிட்டவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது.”

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். ஓய்வு பெறுபவரை மாலை போட்டு வண்டியில் ஏற்றி வீடுவரை கொண்டுபோய் விடும் வழக்கத்தை இப்போது நிறுத்திவிட்டார்களாம். பதிலாக, அவருடைய புகைப்படம் அச்சிட்ட ஒரு காபிக் கோப்பையும், திரையில் ஓடும் ஒரு சிறு படமும். “அது ரொம்ப நீட்டா இருக்கு மேடம்” என்றார்.

மேடையில் பேச எனக்கு வராது. எழுத வரும். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள், தேதியை அடிக்கோடிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஆகவே பேச மறுத்துவிட்டு, நோக்கம் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இதுதான் அது. இதில் நோக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என்னால் சுட்டிக்காட்ட முடியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை அது. தட்டச்சராகச் சேர்ந்தேன். தட்டச்சுப் பொறிகள் போனதும் என்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொழிலாளர் நலப் பிரிவில் வைத்தார்கள். நலப் பிரிவு என்றால் சீருடை, சோப்பு, கேன்டீன் பருப்பில் கிடைத்த பூச்சி, வாட்ச்மேனுக்கும் பூனைக்கும் இடையிலான தகராறு. இவற்றோடு வழியனுப்பு விழாவும். வேலை கற்றுக்கொள்ள யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முதல் விழாவில் சாவுக்குப் போடுவது என்று தெரியாமல் துலுக்கச் சாமந்தி மாலை வாங்கி வந்தேன். ஓய்வு பெற்றவர் அதைப் பார்த்து, “இது என்னம்மா, இன்னைக்கே வேணுமா?” என்றார். அன்றோடு பயிற்சி முடிந்தது.

அதன்பின் என் முறை இதுதான். ரோஜா மாலை, அதுவும் முதல் நாளே சொல்லிவைத்து, காலையில் ஈரத்துணி போர்த்தி வாங்குவது. மேடையில் ஓய்வு பெறுபவருக்கு ஒரு நாற்காலி, மனைவிக்கு அதே உயரத்தில் இன்னொன்று. உயரம் குறைந்தால் மனைவிமார் முகத்தில் தெரியும், புகைப்படத்தில் நிரந்தரமாகிவிடும். ஆண்களுக்கு அதிகாரி பொன்னாடை போர்த்துவார், பெண்களுக்கு நான். பிறகு வண்டி. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரி, அதில் இரு பக்கமும் வாழைக் கன்று கட்டி, நடுவில் நகராதபடி கயிறு போட்ட நாற்காலி. பேண்டு வாத்தியக்காரர்கள் அதே வண்டியில் வருவார்கள், ஆனால் வழியில் வாசிக்கக் கூடாது. ஓய்வு பெறுபவரின் தெருமுனை வந்ததும்தான் முதல் அடி விழ வேண்டும். வாசலில் மனைவி ஆரத்தி சுற்ற வேண்டும். அதற்காக மனைவிமார் விழா முடிந்ததும் கம்பெனி காரில் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆரத்தி முடிந்து ஆள் வலது காலை வைத்து உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி திரும்பும். பொருளை இறக்கிவிட்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குவது போலத்தான்.

இந்த விழாக்கள் எங்களுக்கு மே மாதக் கடைசி நாளில் குவியும். காரணம் பலருக்குத் தெரிந்ததே. அந்தத் தலைமுறையில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோருக்குப் பிறந்த தேதி நினைவில் இருக்காது. தலைமை ஆசிரியரே ஜூன் முதல் தேதியை ஒட்டி ஒன்றைப் போட்டு விடுவார். எத்தனையோ வருடம் கழித்து அந்த வரிசையெல்லாம் ஒரே நாளில் ஓய்வு பெறும். அம்பத்தூரில் அன்று ரோஜா கிடைக்காது.

என் மேலதிகாரி சம்பந்தம் சார், நல அலுவலர். ஒல்லியான உடம்பு, எந்நேரமும் இஸ்திரி மடிப்பு. அவர் எந்தப் புகாருக்கும் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை. முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்து, பேனா மூடியைத் திருகி மூடிவிட்டு, “அப்புறம்?” என்பார். புகார் சொன்னவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடி, “அப்புறம்?” மூன்றாவது ‘அப்புறம்’ வரும்போது வந்தவரிடம் ஒன்றும் இருக்காது. “அவ்ளோதான் சார்” என்று எழுந்து போய்விடுவார். முன்பே தீர்ந்துபோன புகார்களைத்தான் மனிதர்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்பது சாரின் கொள்கை. தீராதது மூன்று ‘அப்புறம்’ தாண்டியும் நிற்கும், அதை மட்டும் கவனித்தால் போதும் என்பார். உண்மையில் கவனிக்கவும் செய்வார்.

ஒருமுறை, மாலையும் பேண்டுமாக அனுப்பி வைத்த ஒருவருக்கு ஓய்வு தேதி அடுத்த மாதம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தவறு எங்கள் பிரிவுடையது. அவர் திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். “தெருவே பார்த்துடுச்சு சார். மறுபடி வேலைக்குப் போறேன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்றார். சார் பேனாவை மூடி, “அப்புறம்?” என்றார். அவர் யோசித்துவிட்டு, “அப்புறம், அடுத்த மாசம் மறுபடி பேண்டு வேணும் சார். போன தடவை சரியா வாசிக்கல” என்றார். கொடுத்தோம். இரண்டாவது ஊர்வலத்தில் அவர் நன்றாக உட்காரக் கற்றிருந்தார்.

இனி கோதண்டம்.

சூட்டு உலைப் பிரிவில் இருந்தவர். பல்சக்கரங்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குகிற வேலை. ஊர் பட்டாபிராம், பரம்பரையாக அங்கேயே விவசாயம் செய்த குடும்பம். வயல்கள் வீட்டுமனைகளான பிறகு மின்சார ரயில் ஏறி அம்பத்தூருக்கு வர ஆரம்பித்தவர். கேன்டீனில் ஜன்னலோர மேஜையில் அவரோடு இரண்டு பேர் சாப்பிடுவார்கள். ஒருவர் நாராயணன், கருவிகள் பிரிவு, வருடா வருடம் மலைக்கு மாலை போடுகிற குருசாமி. இன்னொருவர் ஜோசப், சங்கத்தின் செயலாளர். இந்த மூவரும் பல வருடங்களாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசி வந்தார்கள்: மனுஷன் எதற்காகப் பிறந்தான்?

நாராயணன் கட்சி, போன பிறவிக் கணக்கைத் தீர்க்க. ஜோசப் கட்சி, அடுத்தவன் கஷ்டத்தைக் கொஞ்சமாவது குறைக்க. கோதண்டம் கட்சி சேரவில்லை.

“நோக்கமாவது ஒண்ணாவது. பொறந்தோம், கீறோம், போவோம். நடுவுல ரசத்த ஊத்து.”

“அப்ப இவ்ளோ பெரிய உலகத்த ஆண்டவன் சும்மாவா படைச்சான்?” என்பார் நாராயணன்.

“அத அவரைத்தான் கேக்கணும். என்னை ஏன் நைனா கேக்குற? நான் ஃபர்னஸ்.”

“கோதண்டம், நீ சொல்றதுதான் முதலாளிக்கும் வசதி” என்பார் ஜோசப். “நோக்கம் இல்லாத தொழிலாளிய எப்படி வேணா வளைக்கலாம்.”

“என்ன வளைச்சுப் பாரு. காய்ச்சாம வளைச்சா ஒடஞ்சிரும்.”

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் இதைக் கேட்டுக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவேன். நாட்குறிப்பில் பல நாட்களுக்கு இதுதான் இருக்கிறது. ஒருநாள் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து வந்து, வாழ்க்கையின் அர்த்தம் பற்றிப் பேச வைத்தது. அவர் முடித்துவிட்டுக் கேள்விகள் உண்டா என்றார். கோதண்டம் கை தூக்கினார். “அஞ்சு மணி வண்டி போய்டும், முடிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டு உட்கார்ந்தார்.

கோதண்டமும் நாராயணனும் ஒரே மே மாதம் ஓய்வு. இரண்டு விழாவையும் ஒரே மேடையில் வைக்கத் தீர்மானித்தோம். நாராயணன் உடனே சம்மதித்து, பேசுவதற்குப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார். கோதண்டத்திடம் போய்ச் சொன்னபோது கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டார்.

“வேணாம் மேடம்.”

“ஏன் சார்?”

“மால, வண்டி, பேண்டு, பூ. நல்லா யோசிச்சுப் பாருங்க. இதே சாமானுங்க இன்னொரு தபாவும் வரும். அப்போ படுத்துகினு போவப் போறேன், இப்போ ஒக்காந்துகினு. வித்தியாசம் அவ்ளோதான். நடுவுல ஒத்திகை இன்னாத்துக்கு? நான் ரயில்ல வந்தேன், ரயில்ல போறேன்.”

அதன்பிறகு ரோஜா மாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பாக்கியம் என் அறைக்கு வந்தார். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கையில் ஒரு மாவுப் பொட்டலத்தோடுதான் வந்தார். அதை மேஜை மேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எங்க ஊட்டுக்காரரு விழா வேணாம்னாராமே?”

“ஆமாக்கா. வாழ்க்கைக்கே நோக்கம் இல்லங்கிறார். அப்புறம் விழாவுக்கு என்ன?”

“அவருக்கு இல்லேன்னா இல்லாம போவட்டும். எனக்கு கீது.” புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க தெருவுல பாதி பேரு ஃபேக்டரிதான். எந்த ஊட்டு ஆளு ரிட்டையர் ஆனாலும் ஆரத்தி கரைக்க என்னியத்தான் கூப்புடுவாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா எனக்குத்தான் அந்த செவப்பு வரும். அத்தினி ஊட்டு ஆம்பளைங்களுக்கும் நான் கரைச்ச தண்ணி. எங்க ஊட்டு வாசல்ல மட்டும் வேணாமா?”

பாக்கியம் மாவுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“அவரு ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னா நான் அதுக்கு முந்தின ஷிப்டு. அவருக்காவது சங்கம் கீது. எனக்கு யாரு மாலை போடுவா? அந்த வண்டி எங்க தெருவுல வர்றப்போதான் எனக்கும் வேலை முடிஞ்சுதுன்னு நாலு பேருக்குத் தெரியும்.”

அந்த மாவில் வீட்டில் இட்லி ஊற்றினேன். பஞ்சு மாதிரி வந்தது. நடுநிலை என்பது அன்றோடு போயிற்று.

முதலில் நான் முயன்றேன். விழாவில் கலந்துகொண்டால்தான் பாக்கியில்லாச் சான்று கிடைக்கும் என்று கோதண்டத்திடம் சொன்னேன். அவர் கணக்குப் பிரிவுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, “மேடம், பொய் சொல்லும்போது நீங்க மூக்குக் கண்ணாடிய சரி பண்றீங்க” என்றார். அடுத்து நாராயணன் முயன்றார். என் விழாவுக்கு விருந்தாளியாகவாவது வா என்றார். “உன் மாலைய நீ போட்டுக்கோ குருசாமி, எனக்கு அடுத்த ஜென்மத்துல போடு” என்று பதில் வந்தது. ஜோசப்தான் கிட்டத்தட்ட ஜெயித்தார். நீ விழாவை மறுத்தால் நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம், அது நிர்வாகத்துக்கு நீ கொடுக்கும் பரிசு என்றார். கோதண்டம் ஒரு முழு மதியச் சாப்பாட்டு நேரம் யோசித்தார். கடைசியில், “கொடுத்துட்டுப் போறேன். முப்பது வருஷம் கொடுத்தாச்சு, இது ஒண்ணு இன்னா” என்றார்.

கோதண்டத்தைச் சம்பந்தம் சாரிடம் அழைத்துப் போனேன். சார் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடினார்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல சார்.”

“சரி. அப்புறம்?”

“அதான் சார் சொல்றேன், ஒண்ணுமில்ல.”

சார் மூன்றாவது முறை வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கோதண்டம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே வேண்டாதவனிடம் ‘அப்புறம்’ வேலை செய்யாது என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். அவர் போனபின் சார் சொன்னார்: “விட்டுடுங்க நிர்மலா. வரலைன்னு எழுதிடுங்க. அவர் இஷ்டம்.”

எழுதினேன். ஆனால் பட்டாபிராம் வண்டியை ரத்து செய்யவில்லை. பாக்கியத்துக்கு நேரில் கொடுத்த அழைப்பையும் திரும்பக் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் என் நாட்குறிப்பே நம்பாது.

மே கடைசி நாள், முதல் ஷிப்டு முடியும் நேரம், கேன்டீன் கூடத்தில் விழா. மேடையில் நான்கு நாற்காலி, ஒரே உயரம். நாராயணனும் மனைவியும் இரண்டில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது காலி. நான்காவதில் பாக்கியம், அரக்கு நிறப் பட்டுப் புடவையில், தலையில் பூவோடு. கணவரிடம் ஆவடியில் ஒரு விசேஷம் என்று சொல்லிவிட்டு, தனியாக ரயில் ஏறி வந்திருந்தார்.

“ஆரத்தி கரைச்சு சாமி மாடத்துல மூடி வெச்சிட்டு வந்தேன்” என்று என் காதில் சொன்னார். “கடைசி நேரத்துல மனசு மாறினா?”

நாராயணன் பேச ஆரம்பித்தார். பிறவி, கர்மம், பதினெட்டுப் படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு விளக்கம். ஏழாவது படியில் அவருடைய மனைவி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் எட்டுக்குப் போனார். அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோதண்டம் கைகால் கழுவி, சட்டை மாற்றி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. மற்ற நாள் மாதிரியே.

பாக்கியமும் பார்த்துவிட்டார். “அதோ போறாரு.”

“கூப்பிடட்டுமாக்கா?”

“வேணாம். நடக்கும்போது கூப்ட்டா அவருக்குப் புடிக்காது.”

அவர் கேட்டைத் தாண்டும்வரை பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

சம்பந்தம் சார் கோதண்டத்தின் பெயரைப் படித்தார். அது பட்டியலில் இருக்கக் கூடாத பெயர், என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன். பாக்கியம் எழுந்தார்.

“அவரு வரல. நான் வந்துகீறேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜோசப் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. நாராயணன் மேடையிலேயே எழுந்து, புருஷன் உயிரோடு இருக்கும்போது அவருடைய மாலையை மனைவி போட்டுக்கொள்வது முறை இல்லையே என்று ஆரம்பித்தார். சார் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, “அப்புறம்?” என்றார். நாராயணன், “அப்புறம்... சின்ன விஷயம்தான், சொல்லணும்னு தோணுச்சு” என்று உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்றார் சார்.

பாக்கியம் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. அந்தக் குரலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

“அண்ணன் பெரிய பெரிய விஷயம்லாம் சொன்னாரு. எனக்கு அது தெரியாது. உலைகிட்ட வேலைன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க. தினம் காலைல போற ஆளு சாயங்காலம் முழுசா திரும்பி வர்றாரான்னு பாத்துகினு இருந்தேன். கைய பாப்பேன், முகத்த பாப்பேன், அப்பால காபி கொடுப்பேன். அவரு ஒரு நாளும் கண்டுக்கல, நானும் சொல்லல. இதுதான் நோக்கமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. இன்னையோட அந்த வேல முடிஞ்சுது. எனக்குந்தான் ரிட்டையர்மென்ட்.”

உட்கார்ந்துவிட்டார். சூட்டு உலைப் பிரிவு ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கை தட்ட, கூடமே தட்டியது. பொன்னாடை போர்த்தினேன். மாலையையும் நானே போட்டேன். அது ஆண் அளவுக்கு வாங்கியது, முழங்காலைத் தொட்டது.

வண்டி விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஓய்வு பெறுபவரையும் குடும்பத்தையும் வீட்டில் சேர்க்கத்தான் வண்டி. ஓய்வு பெறுபவர் இந்நேரம் திருமுல்லைவாயல் தாண்டியிருப்பார். சார் வாழைக் கன்று கட்டிய குட்டியானையைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“குடும்பம் இங்கே இருக்குல்ல நிர்மலா?”

“இருக்கு சார்.”

“அப்ப சேர்த்துட்டு வாங்க.”

நாராயணன் வண்டி குமணன்சாவடிக்குக் கிளம்பியது. எங்கள் வண்டியில் நடு நாற்காலியில் பாக்கியம், பக்கத்தில் நான், பின்னால் ஜோசப்பும் பேண்டுக்காரர்களும். திருவள்ளூர் நெடுஞ்சாலை மே மாத வெயிலில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆவடி சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மாலை போட்ட பெண், கட்டிய நாற்காலி, வாழைக் கன்று.

“யக்கா, எந்த வார்டு?”

பாக்கியம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“எங்க தெருவுக்கு லைட்டு வேணும்கா” என்றார் அவர்.

“போட்டுர்லாம்” என்றார் பாக்கியம்.

பின்னால் தவில் மாதிரி ஒரு டிரம்மைத் தட்டுகிறவர், “எங்க அக்கா ஜெயிச்சுட்டாங்கோ” என்று குரல் கொடுத்தார். வழியில் வாசிக்கக் கூடாது என்ற என் விதி ஆவடியிலேயே போயிற்று. ஜோசப் தடுக்கவில்லை. பட்டாபிராம் வரை பாக்கியம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் கோரிக்கை வாங்கிக்கொண்டார், ஒன்று குடிநீர், ஒன்று நாய்த் தொல்லை.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கோதண்டம் ரயிலில் எங்களுக்கு முன்பே வந்து, லுங்கி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றிருந்தார். பேண்டு சத்தம் கேட்டு யார் வீட்டுக்கு என்று பார்க்க வந்தவர், வண்டி தன் வாசலிலேயே நிற்பதைப் பார்த்தார். நாற்காலியில் மனைவி.

“இன்னா இது?”

பாக்கியம் முன்பே சொல்லிவைத்திருந்த எதிர்வீட்டுப் பெண் உள்ளே போய் சாமி மாடத்திலிருந்து ஆரத்தித் தட்டை எடுத்து வந்தார். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். வீட்டுக்காரி வண்டி மேல் இருக்கிறார். சுற்ற வேண்டியவர் யார்? ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நலப் பிரிவுக்கு இதற்கு விதி இருக்கும் என்பது போல. இல்லை. எதிர்வீட்டுப் பெண் தட்டைக் கோதண்டம் கையில் வைத்தார்.

“புடிங்கண்ணா.”

“நானா?”

“வேற யாரு? ஆளு வந்து நிக்கிது, சுத்துங்க.”

கோதண்டம் தட்டைப் பார்த்தார். தண்ணீர் நல்ல சிவப்பு. பேண்டுக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர் எதற்காகவும் கூட்டத்தின் முன் நின்றவர் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பாக்கியமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மாலையைக் கழற்றப் போனார்.

“இரு இரு” என்றார் கோதண்டம். “கழட்டாத. எந்தப் பக்கமா சுத்தணும்?”

“வலப்பக்கமா. மூணு தபா. மெதுவா, புடவைல கொட்டிராத.”

சுற்றினார். உலையில் பல்சக்கரத் தட்டை உள்ளே தள்ளும்போது எப்படி மூச்சை அடக்குவாரோ அப்படி அடக்கிக்கொண்டு சுற்றினார். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு, வண்டியின் படியில் ஏறிப் பாக்கியத்தின் நெற்றியில் வைத்தார். பொட்டு சற்றுக் கோணலாக விழுந்தது. பாக்கியம் அவர் கையைப் பிடித்து, இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

வலது காலை வைத்து உள்ளே போனார். நான் கண்ணால் பார்த்தேன். என் வேலை அதோடு முடிந்தது, ஆனாலும் நாங்களும் பின்னால் போனோம். பாக்கியம் கூடத்தில் மின்விசிறிக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை.

“நானும் ரிட்டையர் ஆயிட்டேன்” என்றார். “வந்தவங்களுக்கு டீ போடு.”

கோதண்டம் ஏதோ சொல்ல வந்தார். ஜோசப், நான், எதிர்வீட்டுப் பெண், டிரம்மைத் தோளில் மாட்டியவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவுகிற முகத்தோடு இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்புப் பற்றியது. பால் பாத்திரம் ஏறியது.

“பாக்கியம், சர்க்கரை எங்க கீது?”

எதிர்வீட்டுப் பெண் சொல்ல வாயெடுத்தார். பாக்கியம் உதட்டின் மேல் விரலை வைத்தார். கூடம் முழுக்க அப்படியே இருந்தோம். உள்ளே டப்பாக்களின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.